அம்மாவின் ஆறாத வாய்ப்புண்

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 52. முதலில் வந்தது வாய்ப்புண்தான். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுத்தோம். அப்புறம் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, பல் டாக்டர் தந்த ஜெல். நாலு மாதம் இப்படியே போனது. காரமில்லாத ரசம் பட்டால்கூடக் கண் கலங்கிவிடும். தயிர்சாதத்தை மிக்சியில் அடித்துத்தான் குடித்தார்.

பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள். அம்மை என்று பாட்டி நிலைப்படியில் வேப்பிலை செருகினார். பக்கத்து வீட்டு அக்கா, அக்கி எழுத ஆள் கூட்டி வரவா என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த கொப்புளம் அவ்வளவுதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது வேறு மாதிரி. தொளதொளவென்று இருக்கும், துணி உரசினாலே உடைந்து தோல் வழன்றுவிடும். காலையில் நைட்டி முதுகோடு ஒட்டியிருக்கும். சலைன் ஊற்றி நனைத்து, விரலளவு விரலளவாகப் பிரிக்க அரை மணி நேரமாகும். அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

தோல் டாக்டர் முதுகைப் பார்க்கும் முன் வாயைத் திறக்கச் சொன்னார். கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒன்றும், பக்கத்தில் நன்றாக இருந்த தோலிலிருந்து ஒன்றுமாகச் சதை எடுத்துச் சோதித்தார்கள். நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்றார்கள். டெஸ்மோக்ளீன் என்ற புரதம்தான் தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதைத் தாக்கிவிடுகிறது. பூச்சரத்தில் நார் அறுந்தால் பூ தனித்தனியாக உதிருமே, அப்படி. பலருக்கு வாயில்தான் முதலில் வருமாம்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. இதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியது. என் சித்தி தனி டம்ளர் கேட்டபோது அம்மா ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புண்ணின் வலிக்குக்கூட அவர் அப்படி அழுததில்லை.

வார்டில் வாழையிலையில் படுக்க வைத்தார்கள். நடு நரம்பை நீக்கி, கிருமி நீக்கிய இலை. புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். அன்றுதான் பல நாள் கழித்துத் தூங்கினார். அப்புறம் 28 நாளுக்கு ஒரு முறை, மூன்று நாள் தொடர்ந்து டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 100 மி.கி. டிரிப். அதில் ஒரு நாள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும் சேரும். 1980களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா தொடங்கிய முறை இது. இதற்கு ரிடுக்சிமாப் என்ற ஊசியும் இருக்கிறது, எங்களுக்குச் செலவு கட்டவில்லை. சர்க்கரை ஏறியது, அதற்கும் மருந்து. ஸ்டீராய்டு கெடுதல் என்று யாராவது சொன்னால் கேட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

—

மயிலாப்பூரிலிருந்து: சகோதரி, என் தாத்தாவுக்கு 78 வயதில் வந்தது இதன் பங்காளி, புல்லஸ் பெம்ஃபிகாய்டு. மாதக்கணக்கில் வெறும் அரிப்பு. முதுமைத் தோல் வறட்சி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கெட்டியான கொப்புளங்கள், சுலபத்தில் உடையவில்லை. இதில் தோல் இன்னும் ஆழத்தில், மேல்தோலுக்கு அடியில் பிரிகிறதாம். வாய் சுத்தமாக இருந்தது. அம்மாவுக்கு வாய் எப்போது ஆறியது?

—

அண்ணா, உடம்பு முதலில் ஆறியது, வாய்தான் கடைசி. ஏழாவது டிரிப்புக்குப் பிறகு. போன வாரம் வத்தக்குழம்பு கேட்டார். மிளகாயைக் குறைத்து வைத்துக் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் போடு என்றார்.