ரிலீஸ் பேரிங்குக்குத் தமிழில் என்ன பெயர்? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கிளட்ச் சத்தத்தை ஒட்டி ஒரு கலைச்சொல் விவாதம்

இராமநாதபுரத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குத் தமிழில் பழுதுபார்ப்புக் குறிப்பு ஒன்று தொகுத்து வருகிறோம். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி, 948 சி.சி. இன்ஜின். இன்று சாலையில் கண்ணில் படுவதே அபூர்வம். வேலை கிளட்ச் அத்தியாயத்தில் வந்து நிற்கிறது.

கிளட்ச் கிளட்சாகவே இருக்கட்டும். உரசிணைப்பி என்று எழுதினால் எந்தப் பட்டறையிலும் விளங்காது. சிக்கல் உள்ளே இருக்கும் மூன்று உறுப்புகளில்தான்: பெடலை மிதித்ததும் கிளட்சை விடச் செய்யும் ரிலீஸ் பேரிங்; கிராங்க் என்கிற இன்ஜின் தண்டின் பின்முனைக் குழியில் இருக்கும் பைலட் புஷ்; கியர்பாக்ஸின் முன் பேரிங். இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் தண்டின் நுனி பைலட் புஷ்ஷில் உட்காரும், உடல் முன் பேரிங்கில் உட்காரும். பேச்சுவழக்கில் மூன்றுமே ‘கிளட்ச் பேரிங்’ ஆகிவிடுகின்றன. மூன்றும் சத்தம் போடக்கூடியவை. ஒன்றை மாற்றச் சொன்னால் இன்னொன்றை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வருகிறது.

ரிலீஸ் பேரிங்கை ‘விடுவிப்புத் தாங்கி’ எனலாமா?

மண்டபத்திலிருந்து:

ஐயா, விடுவிப்புத் தாங்கி வாயில் நுழையாது. பெயர் வைக்கும் முன் சத்தத்தைப் பிரித்துக்கொள்வோம். அந்த வாக்கியங்களுக்குள் உட்காருகிற சொல்தான் பட்டறையில் நிற்கும்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். பெடலைத் தொடாதபோதே கரகரப்பு இருந்து, முழுக்க மிதித்ததும் அடங்கினால் அது கியர்பாக்ஸ் முன் பேரிங். பெடல் மேலே இருக்கும்வரை இன்புட் தண்டு சுற்றும். மிதித்தால் தண்டு நிற்கும், சத்தமும் நிற்கும்.

ரிலீஸ் பேரிங் இதற்கு நேர் எதிர். பெடலில் கால் பாரம் விழுந்ததுமே, கிளட்ச் விடுவதற்கு முன்பே சீறல் தொடங்கும். அழுத்த அழுத்த அது ஊளையாகும்.

ஆளை ஏமாற்றுவது பைலட் புஷ். அதுவும் மிதித்தால்தான் கத்தும். ஆனால் பாதிப் பெடல் வரை வாயே திறக்காது. கிளட்ச் முழுசாக விட்ட பிறகுதான் கிராங்க் சுற்றிக்கொண்டிருக்க இன்புட் தண்டு நிற்கிறது. புஷ்ஷுக்கும் தண்டு முனைக்கும் உரசல் அப்போதுதான். முதல் கியரில் போட்டு, பெடலை அடிவரை மிதித்துப் பிடித்துக் கேளுங்கள். பிறகு கிளட்ச் பிடிக்கும் இடத்துக்குப் பெடலை மெல்ல ஏற்றுங்கள். பிடிக்கப் பிடிக்கக் கிறீச் மங்கினால் ரிலீஸ் பேரிங்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு மிதிக்கும்போதும் கிறீச் வருகிறதா? பெடல் அச்சு, இல்லையென்றால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவட்டையான ஃபோர்க்கின் ஊசி. பெடல் அச்சாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எல்லோரும் சொல்வது ‘கிளட்ச் பிடிக்கலை’, ‘கிளட்ச் விடலை’. விடு என்ற சொல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ‘விடுதாங்கி’ போதாதா?

கீழக்கரையிலிருந்து:

எனக்கு இரண்டு மறுப்பு. தாங்கி என்றால் இலங்கைத் தமிழில் தண்ணீர்த் தொட்டி. நம் கரையில் அந்தப் பேச்சுக்குப் பழகியவர்கள் நிறைய. அடுத்தது, அந்தப் பேரிங் எதையும் விடுவதில்லை. ஃபோர்க் அதைத் தள்ளுகிறது, அது, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் லீவர்களைத் தள்ளுகிறது. விடுவது பிளேட். ஆகவே ‘தள்ளுதாங்கி’தான் நேர்மையான பெயர்.

இராமநாதபுரத்திலிருந்து:

முதல் மறுப்புக்குச் சுருக்கமான பதில்: சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைத் தொட்டி என்று யாரும் எண்ணுவதில்லை. பேச்சின் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது கனமானது. ஆனால் ‘தள்ளு’, ‘உந்து’ இரண்டையும் இந்த வண்டியில் வேறொரு உறுப்புக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது கிராங்கின் பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் அரைவட்ட திரஸ்ட் வாஷர்கள். அவற்றை ‘உந்துவளையம்’ என்கிறேன். அது தேய்ந்த வண்டியிலும் மிதிக்கும்போது சத்தம் மாறும், பழி ரிலீஸ் பேரிங் மேல் விழும். தள்ளுதாங்கி, உந்துவளையம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் குழப்பம் உறுதி.

இதைச் சோதிப்பது எளிது. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். ஆகவே டயர் மேலேயே உட்கார்ந்து கிராங்க் புல்லியைப் பார்க்கலாம். இன்ஜின் நின்றிருக்க, ஒருவர் பெடலை மிதித்து விட வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் டயல் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். இருக்க வேண்டியது நாலிலிருந்து எட்டு தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கூடுதலாக இருந்தால் இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான சம்ப்பையும், பின் மெயின் பேரிங்கின் மூடியையும் இறக்கி வளையத்தை மாற்றலாம், இன்ஜினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஓடும் பள்ளக்கோடு இருக்கும் முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். தேய்ந்த வளையம் கழன்று சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும்.

இலக்கணம் கேட்போருக்கு: ஊறுகாய், சுடுசோறு போல விடுதாங்கியும் வினைத்தொகை. ஒற்று மிகாது.

பைலட் புஷ்ஷுக்கு ‘முனைப்புஷ்’, முன் பேரிங்குக்கு ‘முன்தாங்கி’ என்று வைத்து, மண்டபத்துத் தம்பி கழற்றும் முறையை எழுதிக் காட்டினால் சொற்கள் தேறுமா என்று தெரிந்துவிடும்.

மண்டபத்திலிருந்து:

எழுதிப் பார்க்கிறேன்.

ஹெரால்டில் கியர்பாக்ஸ் கீழ் வழியாக வராது, காருக்குள் வழியாகத்தான் வரும். பேட்டரி வயரைக் கழற்றி, முன் சீட்டுகளையும் கார்பெட்டையும் எடுத்து, கியர்பாக்ஸ் மூடியைத் தூக்குங்கள். பழைய மூடி ஓரங்களில் பொடிந்திருக்கும், நெம்பாதீர்கள். புரொபெல்லர் தண்டின் நான்கு போல்ட்டுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் விலக வேண்டும். பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கி ஃபோர்க்கைத் தள்ளும் சிலேவ் சிலிண்டரைக் குழாயோடு அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். குழாயைத் திறக்காவிட்டால் பிறகு காற்று எடுக்கும் வேலை இல்லை. ஆனால் அதுவரை யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்த பிறகே, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸை நேராகப் பின்னுக்கு இழுக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் பாரம் ஒரு நொடிகூட இன்புட் தண்டில் தொங்கக் கூடாது. கிளட்ச் பிளேட் நடுவட்டம் கோணிவிடும், பிறகு வண்டி கிளம்பும்போது உதறும்.

பழைய விடுதாங்கியைக் கையில் அழுத்திச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போலிருந்தால் தீர்ந்தது. புதியதை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவவே கூடாது. அது கிரீஸ் அடைத்து மூடி வருவது. கழுவினால் கிரீஸ் கரைந்து, கொஞ்ச நாளில் மறுபடி ஊளை. அது வழுக்கும் குழலில் அதிகச் சூடு தாங்கும் கிரீஸை மெலிதாகத் தடவினால் போதும், அப்பினால் பிளேட்டில் தெறிக்கும்.

முனைப்புஷ்ஷை எடுக்க: ஓட்டை நிறைய கிரீஸை அடைத்து, ஓட்டைக்கு இறுக்கமாகப் பொருந்தும் தண்டை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸுக்குப் போக வேறு வழியில்லை, புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். புது வெண்கலப் புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஒரு நாள் ஊறவிட்டுப் போடுங்கள். உலர்ந்த புஷ் முதல் நாளே கத்தும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த பழைய இன்புட் தண்டு ஒன்று கிடைத்தால் நல்லது. கவர் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்திருந்தால் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும்.

எழுதியதில் விடுதாங்கி இடறவில்லை. முனைப்புஷ்ஷும் சரி. கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன ‘தள்ளு’, கிரீஸ் புஷ்ஷைத் தள்ளும் இடத்திலேயே வந்துவிட்டது பாருங்கள்.

தொண்டியிலிருந்து:

சொல் எதுவானாலும் சரி, கடற்கரைக் காரணம் ஒன்றைச் சேர்க்காமல் அத்தியாயத்தை முடிக்காதீர்கள். இங்கே விடுதாங்கி தானாகச் சாவது குறைவு, சிலேவ் சிலிண்டர்தான் கொல்லும். வாடைக்காற்று மாதங்களில் உப்பும் ஈரமும் ரப்பர் உறைக்குள் புகுந்து சிலிண்டர் சுவரில் குழி விழுகிறது. பிஸ்டன் போகும், முழுசாகத் திரும்பாது. விடுதாங்கி எந்நேரமும் லீவர்மேல் அழுந்திச் சுற்றி, கிரீஸ் காய்ந்து கரகரக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் புதியதற்கும் அதே கதி. ஒருவரை மிதித்து விடச் சொல்லி, கீழிருந்து தள்ளுகோலைப் பாருங்கள்; தயங்கினாலோ உறைக்குள் ஈரம் இருந்தாலோ சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். கிளட்ச் குழாயில் இருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும் சரக்கு. இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட், கிராங்கின் பின்முனைச் சக்கரமான ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆளில்லாத திடலில் இரண்டாம் கியரில் ஓட்டி, பெடலை முழுக்க மிதித்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

கீழக்கரையிலிருந்து:

விடுதாங்கியை ஒப்புக்கொள்கிறேன். அப்படியே ஃபோர்க்கையும் ‘கவை’ ஆக்கிவிடலாம்; கவைக்கம்பு தெரியாதவர் இங்கே யார்? ஒரு நிபந்தனை மட்டும்: அத்தியாயத்தில் முதல் முறை வரும் இடத்தில் ‘விடுதாங்கி என்கிற ரிலீஸ் பேரிங்’ என்று எழுதுங்கள். சாமான் வாங்கும் சீட்டில் ரிலீஸ் பேரிங் என்று மட்டும் இருக்கட்டும். மதுரைக் கடையில் விடுதாங்கி கேட்டுப் போனவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.