பெத்லகேம் மேயர் பதவி கிறிஸ்தவருக்கு மட்டும்தானா?

இளவேனில்:
பெத்லகேம் நகரசபையில் 15 இடங்கள். 8 கிறிஸ்தவர்களுக்கு, 7 முஸ்லிம்களுக்கு. மேயர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் காலத்து ஆணை. ஊரில் இன்று முஸ்லிம்களே பெரும்பான்மை. 2012-ல் வேரா பாபூன் முதல் பெண் மேயரானதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அவர் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரில் பிறந்த ஒரு முஸ்லிம் ஆசிரியை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார முடியாதே. இது அநியாயம்.

மருதன்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் இளவேனில். அங்கே மதவாரியாக ஓட்டுப் போடுவதில்லை. ஒரே பட்டியலில் இரு மதத்தவரும் நிற்கிறார்கள், ஊரே சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. பாபூன் பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர், பிறகு பக்கத்து ஊரான பெய்த் சாஹூரில் பள்ளி முதல்வர். அந்தப் பல்கலைக்கழகம் கத்தோலிக்கர்கள் 1973-ல் தொடங்கியது, மாணவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் வருடக்கணக்கில் பார்த்தவருக்கு இரண்டு வீட்டுக் கவலையும் தெரியும்.

இளவேனில்:
2012 தேர்தலை ஹமாஸ் என்ற இஸ்லாமிய இயக்கம் புறக்கணித்தது. அதை ஊர் முழுவதின் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்? வகுப்பறைப் பழக்கமும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். கோடையில் முறைவைத்துத்தான் தண்ணீர் வரும், மொட்டைமாடித் தொட்டி காலியானால் ஜனங்கள் மேயரைத்தான் கேட்பார்கள். அப்போது அவர் நல்ல ஆசிரியையா என்று யாரும் பார்ப்பதில்லை.

கயல்:
தண்ணீர்ப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் மேயர் கையிலா இருக்கிறது? அதன் கடிவாளம் இஸ்ரேலிடம். இயேசு பிறந்த தேவாலயத்துக்கு எதிரே, சதுக்கத்தின் மறுபக்கம், உமர் மசூதி. அது நிற்கும் நிலத்தைக் கொடுத்ததே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைதான். ஊரைப் பிளப்பது மதமல்ல, வடக்கே யூதர்களின் புனிதத் தலமான ராகேலின் கல்லறையைச் சுற்றி இஸ்ரேல் எழுப்பிய கான்கிரீட் சுவர். ஜெருசலேம் போகும் பழைய சாலையை அது அடைத்துவிட்டது, அந்தப் பக்கத்துக் கடைகள் பல மூடிவிட்டன. 2014 மே மாதம் போப் பிரான்சிஸ் வண்டியை நிறுத்தி இறங்கி, நெற்றியைச் சாய்த்து நின்றது அந்தச் சுவரில்தான். பாபூன் அப்போது மேயர். போன இடத்திலெல்லாம் அவர் பேசியதும் இதைத்தான்.

இளவேனில்:
சுவர் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை கயல். நான் கேட்பது வேறு. கிறிஸ்தவர்களுக்கு 8 இடம் இருக்கட்டும். மேயர் யார் என்பதை மட்டும் 15 பேரும் தங்களுக்குள் தீர்மானிக்கட்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மருதன்:
நஷ்டம் உண்டு. தென் அமெரிக்காவின் சிலியில் போய்க் குடியேறிய பெத்லகேம், பக்கத்து ஊர் பெய்த் ஜாலா கிறிஸ்தவக் குடும்பங்கள் எத்தனை என்று பாருங்கள். மிச்சம் இருப்பவர்களும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் மேயர் பதவியையும் எடுத்தால், இனி இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். முதலில் ஜனங்கள் கிளம்புவது நிற்கட்டும். அதுவரை அந்த ஆணையில் யாரும் கைவைக்கக் கூடாது.