புதுப்பிப்பு: பழைய சேலம் லைசென்ஸ், ஜெர்மனிக்கு சர்வதேச பெர்மிட் – கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய புத்தக லைசென்ஸ், அரசின் பரிவாகன் போக்குவரத்துத் தளத்தில் எண்ணைப் போட்டால் விவரமே வரவில்லை, இதை வைத்து வெளிநாட்டில் வண்டி ஓட்ட சர்வதேச பெர்மிட் எடுக்க முடியுமா என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது அயோத்தியாப்பட்டணத்து அண்ணன் சொன்ன வழிதான். ஆர்டிஓ ஆபீசில் முதலில் பேக்லாக் என்ட்ரிக்கு, அதாவது பழைய லைசென்ஸ் விவரத்தைக் கணினியில் ஏற்ற, மனு. விவரம் ஏறியதும் ஸ்மார்ட் கார்டு. அப்புறம் பெர்மிட்டுக்கு 4ஏ விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், விசா நகல், 1000 ரூபாய். ஏஜென்ட் யாரும் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. பெர்மிட் ஒரு வருஷத்துக்குத் தருகிறார்கள். ஆனால் ஜெர்மனியில் குடியேறுகிறவர்களுக்கு நம் லைசென்ஸ் 6 மாதம்தான் செல்லும், பெர்மிட் அதை நீட்டிக்காது. அதை அப்படியே ஜெர்மன் லைசென்ஸாக மாற்றியும் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. முதலுதவி வகுப்பு, கண் பரிசோதனைச் சான்றும் வேண்டும். இத்தனை மணி நேரம் வகுப்பு என்ற கட்டாயம் மட்டும் நமக்கில்லை. ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான் தேர்வுக்குப் போக முடியும். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஓட்டியவனுக்கு மறுபடி டிரைவிங் ஸ்கூல்!

இன்னொன்று, ஒரிஜினல் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெர்மிட் தனியாகச் செல்லாது.