ஹெச்டி கேம்கோடரில் எடுத்ததைச் சாதாரண டிவிடியில் பதிந்த அனுபவங்கள்

கீழக்கரையிலிருந்து:

2010இல் எங்கள் லாத்தாவின் (அக்காவின்) நிக்காஹ். துபாயிலிருந்து வந்த மாமா ஹெச்டி கேம்கோடர் (கூடுதல் தெளிவுள்ள வீடியோ கேமரா) ஒன்றும், ஹெச்டி படம் காட்டும் ப்ளூரே பிளேயர் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை வந்து இறங்கியது முதல், ஒரே தட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் விருந்து வரை ஒரு மணி ஐம்பது நிமிடம் நான்தான் படம் எடுத்தேன். மெமரி கார்டில் 14 ஜிபி ஆகியிருந்தது.

கேம்கோடருடன் வந்த மென்பொருளைக் கொண்டு 4.7 ஜிபி டிவிடிகளில் அப்படியே பதிந்தேன். ஒரு டிஸ்க்குக்கு 35 நிமிடம்தான் பிடித்தது. ஆக, ஒரு கல்யாணத்துக்கு நான்கு டிஸ்க். மாமாவின் பிளேயரில் போட்டபோது சஹனில் சோற்றின் ஆவி பறப்பதுகூடத் தெரிந்தது. உம்மா எழுந்து போய், திரையில் தெரிந்த லாத்தாவின் மருதாணிக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் சொந்தக்காரர்களுக்குப் பத்து செட் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே தொலைபேசி வரத் தொடங்கியது. பெரியபட்டினத்தில் டிஸ்க் பிழை என்று வந்ததாம். ராமநாதபுரத்தில் கறுப்புத் திரை. டிஸ்க் மட்டமானது என்றார் கடைக்காரர். விலை கூடிய பாக்கெட் வாங்கி மறுபடியும் பதிந்தேன். அதுவும் ஓடவில்லை.

குறை டிஸ்க்கில் இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த கேம்கோடர் பதிவது ஏவிசிஎச்டி. சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்த முறை. அதில் படம் எச்.264 என்ற சுருக்க வடிவில் இருக்கும். வீடுகளில் இருக்கும் டிவிடி பிளேயருக்குத் தெரிந்ததோ எம்பெக்-2 என்ற பழைய சுருக்க வடிவில் உள்ள படம், அதுவும் நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் 720×576 புள்ளிகள் அளவுக்குத்தான். டிஸ்க் டிவிடிதான், உள்ளே இருப்பது டிவிடி படம் இல்லை. ஏவிசிஎச்டி முத்திரை உள்ள ப்ளூரே பிளேயர் மட்டுமே அதைப் படிக்கும்.

பிறகு முழுவதையும் எம்பெக்-2 ஆக மாற்றி, நொடிக்கு 5 மெகாபிட் வைத்து, ஒரே டிஸ்க்கில் அடக்கினேன். இரவெல்லாம் கணினி ஓடியது. கூர்மை குறைந்தது உண்மைதான். ஆனாலும் எல்லோர் வீட்டிலும் ஓடியது. படத்தைப் பார்த்துவிட்டு பெரியபட்டினத்திலிருந்து கூப்பிட்ட மாமி பேச முடியாமல் அழுதார். இன்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பார்க்கப்போகிறவர் வீட்டில் என்ன பிளேயர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பாம்பனிலிருந்து:

நான் எடுத்தது பழைய ரயில் பாலம். 1914இல் திறந்த பாலம் அது; படகுகள் வரும்போது இருபுறமும் ஆட்கள் நின்று கையால் இயக்கித் தூக்குவார்கள். ஒன்றும் தவறிவிடக் கூடாதென்று கேமராவின் உச்சத் தரத்தில், நொடிக்கு 24 மெகாபிட்டில் எடுத்தேன். ஏவிசிஎச்டியாக டிவிடியில் பதிவதற்கு 18தான் எல்லை என்பது அப்போது தெரியாது. மென்பொருள் மறுத்துவிட்டது; மறுபடி சுருக்கித்தான் பதிய வேண்டியதாயிற்று.

டிவிடி படமாக மாற்றியபோது வேறொரு சிக்கல். நின்றிருந்த தூண்கள் சரியாக இருந்தன. ஓடும் ரயில் மட்டும் உதறி உதறிப் போனது. காரணம், பழைய மினிடிவி (MiniDV) கேமரா டேப் காலத்து அமைப்பு மென்பொருளில் அப்படியே இருந்ததுதான். இடைவரிப் படத்தில் ஒவ்வொரு காட்சியும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு புலங்களாக வரும். டேப்பில் கீழ்ப்புலம் முதலில் வரும். 1080 வரி கொண்ட ஹெச்டி இடைவரிப் படத்தில் மேற்புலம் முதலில். அந்த ஒன்றை மாற்றியதும் ரயில் வழுக்கிக்கொண்டு போனது.

2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. கையால் தூக்கும் அந்தக் காட்சியை இனி எடுக்கவே முடியாது. அசல் பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன்.

தொண்டியிலிருந்து:

மேலே இரண்டு பேரும் சொன்னதோடு என் வருத்தத்தையும் சேர்க்கிறேன். நீளமான பதிவைக் கேமரா தானே துண்டு துண்டாக வெட்டி வைக்கும். நான் கார்டின் முழு ஃபோல்டரையும் எடுக்காமல் துண்டுகளை மட்டும் தனித்தனியே இழுத்து ஒட்டினேன். வாப்பா (அப்பா) துஆ என்னும் பிரார்த்தனை ஓதும் இடத்தில் சரியாக ஒட்டு விழுந்து, அரை நொடி அவர் குரல் அறுந்துவிட்டது. கார்டையும் அழித்துவிட்டேன். டிவிடியைக் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்தேன். வெயில் பட்டுப் பட்டு, பதிவைத் தாங்கும் அதன் சாயம் கெட்டு, இப்போது பாதிக்குமேல் ஓடுவதில்லை. துஆ முதல் பாதியில் இருக்கிறது. அதுவரை ஓடுகிறது.