கஃபே விதி: 12 கிலோமீட்டர் மைலேஜ் எஸ்யூவி எப்படித் தேறுகிறது?

கியர்பாக்ஸ்:
கார் நிறுவனங்களின் எரிபொருள் செலவுக்கு வரம்பு வைக்கும் கஃபே (CAFE) விதிப்படி, 2022 ஏப்ரல் முதல் 100 கிலோமீட்டருக்கு 4.77 லிட்டர் வரம்பு என்கிறார்கள். அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டர். ஆனால் 2,000 கிலோ எடையுள்ள, 12கூடத் தாண்டாத எஸ்யூவிகள் தாராளமாக விற்கின்றனவே. விதிவிலக்கு ஏதும் உண்டா?

சராசரி:
விலக்கு இல்லைங்க. வரம்பு தனி மாடலுக்கு அல்ல. ஒரு நிறுவனம் அந்த நிதியாண்டில் விற்ற கார்கள் அனைத்தின் சராசரிக்கு. 4.77-ம் எல்லோருக்கும் பொது இல்லை. சூத்திரம் இது:

0.002 × (சராசரி எடை − 1145) + 4.7694

எடை என்பது காலி வண்டியின் எடை, கிலோவில். சராசரி 1,000 கிலோ என்றால் வரம்பு 4.48 லிட்டர், 1,500 என்றால் 5.48. உங்கள் 2,000 கிலோ வண்டிக்குத் தனியாகப் போட்டாலும் 6.48 லிட்டர், அதாவது லிட்டருக்கு 15.4. 12 தேறாது. அந்தக் குறையை அதே நிறுவனத்தின் மற்ற மாடல்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

இதில் எனக்கு உடன்பாடில்லாத இடம்: 100 கிலோ குறைத்தால் வரம்பும் 0.2 லிட்டர் இறுகுகிறது. எடை குறைப்பவருக்குக் கிடைக்க வேண்டிய பலனில் ஒரு பகுதியை விதியே பிடுங்கிக்கொள்கிறது. 2017-இல் வந்த முதல் கட்டத்தில் எடையைப் பெருக்கும் இந்த எண் 0.0024, இப்போது 0.002 என்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

லிட்டர்கணக்கு:
சராசரி போடும்போது பலர் வழுக்கும் இடம் ஒன்று. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் கார் ஒன்று, 30 தரும் கார் ஒன்று. சராசரி 20 அல்ல. ஆளுக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் 10 + 3.33 = 13.33 லிட்டர். 200-ஐ அதால் வகுத்தால் 15தான். அதனால்தான் விதியில் லிட்டர்/100 கிலோமீட்டர். டீசல் கார் என்றால் முதலில் பெட்ரோலுக்கு இணையாக மாற்ற வேண்டும். 1 லிட்டர் டீசல் சுமார் 1.1 லிட்டர் பெட்ரோல்.

இன்னொன்று: கணக்கில் வருவது ஆய்வகச் சோதனை எண். ஏசி அணைத்து, அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பது. சாலையில் 12 காட்டும் வண்டிக்குச் சான்றிதழில் கூடுதலாகவே இருக்கும்.

கியர்பாக்ஸ்:
மின்சாரக் கார் விற்றால் சலுகை உண்டாமே? தேறாவிட்டால் என்ன ஆகும்?

சராசரி:
உண்டு. சராசரி போடும்போது பேட்டரி கார் ஒன்று 3 காராகவும், பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோலோடு, வெளியே சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ளது) 2.5 ஆகவும், ஸ்ட்ராங் ஹைபிரிட் (வெளியே சார்ஜ் செய்யாமலே மோட்டாரிலும் ஓடுவது) 2 ஆகவும் எண்ணப்படும். தேறாதவர்களுக்கு 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி அபராதம்: மீறல் 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் வரை என்றால் விற்ற ஒவ்வொரு காருக்கும் 25,000 ரூபாய், அதற்கு மேல் 50,000. லட்சம் கார் விற்றவருக்கு முதல் படியிலேயே 250 கோடி.