மெர்லின் கப்பலுக்கு என்ன மாட்டலாம்?

ஈவ் ஆன்லைன்ங்கிற விண்வெளி கேமுக்கு நான் புதுசு. மெர்லின்ங்கிற ஃப்ரிகேட் (சின்னப் போர்க்கப்பல்) ஓட்டுறேன். கூடுதல் பாதுகாப்புன்னு நினைச்சு ஷீல்டை நிரப்புற ஷீல்டு பூஸ்டர், கவசத்தைச் சரிபண்ற ஆர்மர் ரிப்பேரர் ரெண்டையும் மாட்டிட்டேன். நேத்து மிஷன்ல ரெண்டும் ஓட, வேகம் கூட்டுற ஆஃப்டர்பர்னரும் ஓட, கெபாசிட்டர் (கப்பலோட மின்சக்தி) வட்டம் புள்ளி புள்ளியா அணைஞ்சு காலி. பிளாஸ்டர் துப்பாக்கிக்கும் அதுதான் வேணுமாம்! சுடவும் முடியல, வார்ப் பண்ணித் தப்பிக்கவும் முடியல. கப்பல் போச்சு. (இன்சூரன்ஸும் போடல, சிரிக்காதீங்க.)

ஷீல்டு கருவி மாட்டுற மிட் ஸ்லாட் 4 இருக்கே, ஷீல்டு மட்டும் போதும்னு இப்போ தோணுது. லோ ஸ்லாட்ல அடியைக் குறைக்கிற டேமேஜ் கன்ட்ரோல் ஒண்ணு போட்டுட்டேன். மிட்ல பூஸ்டரா, ஷீல்டு அளவைக் கூட்டுற எக்ஸ்டெண்டரா? எதிரியோட வேகத்தைக் குறைக்கிற வெப் ஒண்ணு கட்டாயமா?

இன்னொண்ணு: ஆஃப்டர்பர்னரோட எதிரியை 500 மீட்டர்ல ஆர்பிட் பண்ணா (சுத்தி வந்தா) என் குண்டுல பாதி படவே மாட்டேங்குது. டிராக்கிங் (துப்பாக்கி இலக்கைத் தொடர்ந்து திரும்புற வேகம்) பிரச்சினையா? ஓட்டிப் பழகினவங்க சொல்லுங்களேன்.