பிரெப்புக்குத் தமிழ்: 'வெளிப்பாடு' வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

ஈரோட்டுப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சிக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரெப் (PrEP), அதாவது எச்.ஐ.வி. கிருமி மேலே படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மருந்து, வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஆங்கிலத்து 'எக்ஸ்போஷர்' என்பதை 'வெளிப்பாடு' ஆக்கி, 'வெளிப்பாட்டுக்கு முந்தைய நோய்த்தடுப்பு' என்று போட்டிருந்தேன். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொருளே தலைகீழாகப் போகிறது.

வரைவைப் படித்த செவிலியர் அக்கா கேட்டார்: "ஏனுங்க, நோய் வெளிய தெரியறதுக்கு முந்தி குடுக்கற மருந்துங்களா?" அவர் மேல் தப்பே இல்லை. தமிழில் உள்ளே இருப்பதுதான் வெளிப்படும். அவர் படித்தபடி நடந்தால், கிருமி ஏற்கெனவே உடம்பில் இருந்து அறிகுறி மட்டும் இல்லாதவர் கைக்கு மாத்திரை போய்விடும். பிரெப்போ, பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியானவருக்கு மட்டும். வழக்கமான மாத்திரையில் டெனோபோவிர், எம்ட்ரிசிடபைன் என்று இரண்டே மருந்துகள். தொற்று உள்ளவருக்கு அது போதாது, கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பரிசோதிப்பதும் அதனால்தான்.

பிரெப், பெப் என்றே விட்டுவிடலாம் என்பீர்கள். போனில் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். பெப் (PEP) என்பது நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திய பிறகோ உறவுக்குப் பிறகோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடுவது.

'வருமுன் காப்பு' எனக்கும் பிடித்த சொல், குறள் வாசனை அடிக்கிறது. ஆனால் பெப்பும் தொற்று வருமுன் காப்பதுதானே! கிருமி மேலே பட்டதா இல்லையா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. "ரத்தம் பட்டுருச்சு" என்றுதான் சொல்கிறோம். ஆகவே என் பரிந்துரை: கிருமி படுதல், படுமுன் காப்பு, பட்டபின் காப்பு.

'மாத்திரை' என்ற சொல்லைச் சேர்க்காதது வேண்டுமென்றேதான். 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியையும் பிரெப்பாக உலக சுகாதார நிறுவனம் 2025-ல் பரிந்துரைத்துவிட்டது. போகியன்று பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுகிற ஊரில் 'காப்பு' யாருக்கும் புரியும்.

— ஈரோட்டிலிருந்து

> படுமுன் காப்பு, பட்டபின் காப்பு

அண்ணா, 'வெளிப்பாடு' தொலைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் 'படுமுன்' வேண்டாங்க. லாரிப் பட்டறைகளுக்கு விழிப்புணர்வுப் பேச்சுக்குப் போகிறவன் நான். ஓட்டுநர்கள் காதில் அது 'படுக்குமுன்' என்றுதான் விழும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போகிற வழியில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார்களே, அதுதான் வம்பு. 'முன்காப்பு, பின்காப்பு' என்று சுருக்கிவிடலாமே? கால்நடை மருத்துவர்கள் நாய் கடிக்கும் முன்பே வெறிநோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள், அதற்கும் பொருந்தும்.

இன்னொன்று. காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்பார்களே, லாரிக்காரர் என்ன செய்வார்?

— நாமக்கல்லிலிருந்து

தம்பி, 'படுக்குமுன்' எனக்குத் தோன்றவே இல்லை. மேசையில் உட்கார்ந்து சொல் செய்தால் இப்படித்தான் ஆகும். முன்காப்பு, பின்காப்பு சரி. 'கிருமி படுதல்' மட்டும் இருக்கட்டும், அதை விடமாட்டேன். எல்லை தாண்டலாமா என்று கேட்டால், காப்புக் கட்டினவர் விரதத்தை நடுவில் விடக்கூடாது என்பதைப் பிடித்துக்கொள்ளப்போகிறேன். மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடச் சொல்ல வாகாக இருக்கும்.

திருத்திய பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். "முன்காப்பு புரியுதுங்க. பின்காப்புல 3 நாள்னு போட்டுருக்கறீங்களே, அத மாத்துங்க. மூணாவது நாள் சாயங்காலமாத்தான் வந்து நிப்பாங்க" என்றார். 72 மணி நேரம் என்றே மாற்றி, பக்கத்தில் 'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது' என்றும் சேர்த்திருக்கிறேன்.